உன் தங்கையை எப்போது களத்தில் இறக்குவது?

சரவணா,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் "வேணாம்பா, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். ஏன் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாய். நான் கோபத்தில் உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கத்துவேன் என்று உங்கம்மா நினைத்தாள் போல; என் போனை எடுத்துக் கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள். ஆனால் எனக்குக் கோபமே வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. பதினேழு வயதில் லீக் அணிக்கு ஹாக்கி ஆடப் போனவன் நீ. இப்போது உன் தங்கை யமுனாவுக்கு அதே வயதில் அதே மாதிரி அழைப்பு வந்திருக்கிறது. முதலில் துள்ளிக் குதிக்க வேண்டியவன் நீதானே? நீயே வேண்டாம் என்கிறாய் என்றால் அங்கே என்னவோ பார்த்திருக்கிறாய். அது என்னவென்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி இப்போது என்னைத் தூங்க விடாமல் குடைகிறது.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் இந்தக் கடிதம். யமுனா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். ஸ்டேடியம் கேலரியில் என்னோடு உட்காருகிற மற்ற அப்பா அம்மாக்களிடமும் காட்டப் போகிறேன். அவர்கள் எல்லோருக்கும் இதே கேள்விதான். பிள்ளை நன்றாக ஆடுகிறது என்று நாலு பேர் சொல்கிறார்கள். சரி, சம்பளத்துக்கு ஆடுகிற பெரியவர்களோடு அதை எப்போது சேர்த்துவிடுவது? எனக்கு ஞாயிற்றுக்கிழமைவரைதான் நேரம். அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். என் கையெழுத்துக்கு இப்படி ஒரு மதிப்பு வந்தது இதுதான் முதல் தடவை. பத்தாவது கணக்குப் பரீட்சையில் என் பெயரைத் தவிர வேறு எதையும் சரியாக எழுதாதவன் நான்.

ஹாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. பொம்மசந்திராவில் பம்ப் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவன், நீலசந்திராவில் குடியிருக்கிறவன். ஸ்டேடியம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான் எனக்கும் ஹாக்கிக்கும் உள்ள உறவு. தெருவில் ஆட்டோக்களுக்கு நடுவே நீ குச்சியை வைத்துக்கொண்டு கல்லைத் தள்ளி விளையாடினதைப் பார்த்துவிட்டு, பக்கத்து சந்து ரஹீம் சார் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் உன்னைக் கொண்டுவிடப் போனபோது நான் பார்த்த காட்சி இன்னும் மறக்கவில்லை. புல்லே இல்லாத பச்சைத் தரைக்குப் பீரங்கி மாதிரி ஒரு குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள். நம் தெருவில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிறோம், இங்கே பிளாஸ்டிக் புல்லுக்குக் குளியலா என்று எனக்கு வயிறு எரிந்தது. "தரை ஈரமா இருந்தாத்தான் பால் ஓடும் பாய், விழுந்தாலும் தோல் உரியாது" என்றார் ரஹீம் சார். அவருக்கு எல்லோருமே "பாய்"தான். அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும்: இந்த ஆட்டத்தில் நான் தப்பு என்று நினைப்பதெல்லாம் சரியாகவும், சரி என்று நினைப்பதெல்லாம் தப்பாகவும்தான் இருக்கும்.

புரியவில்லை. அதனால்தான் உனக்குப் பெரிய ஆள் சைஸில் ஹாக்கி ஸ்டிக் வாங்கி வந்தேன். நான் என்னைக்குத்தான் உனக்கு அளவாக எதையாவது வாங்கியிருக்கிறேன்? ஸ்கூல் சட்டை முழங்காலைத் தொடும். ஷூவுக்குள் பஞ்சு வைப்போம். வளர்கிற பிள்ளை, மூன்று வருஷம் வரட்டும் என்பதுதான் நம் வீட்டுச் சட்டம். அதே சட்டத்தை ஸ்டிக்குக்கும் போட்டேன். நீ குனிந்தால் பிடி உன் வயிற்றில் குத்தும். மற்ற பிள்ளைகள் எல்லாம் தரையோடு தரையாகக் குனிந்து பந்தைப் பின்னிக்கொண்டு போகும்போது, நீ மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்தபடி ஓடினாய். ரஹீம் சார் மேலே ஒரு துண்டை அறுத்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. "வளந்துடுவான் சார்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் ஒரு மாதம் கழித்து அவரே வந்து, "பாய், ஒரு விசேஷம் கேளு. உன் பையனால குனிய முடியல. அதனால தல தூக்கியே ஆடறான். மத்த பசங்க பாலைப் பாக்கறாங்க, இவன் கிரவுண்டையே பாக்கறான்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து உன் ஆட்டத்துக்கு நான்தான் காரணம் என்று கம்பெனி பஸ்ஸில் பத்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அடுத்த நாளே எனக்குத் தெரியாமல் ஸ்டிக்கை அறுத்துவிட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. உன் முதல் பெரிய மேட்ச். ஸ்கூல் அணிகளுக்கு நடுவே நடந்தது. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ரஹீம் சார் உன்னை வெளியே கூப்பிட்டு வேறு பையனை அனுப்பினார். எனக்குத் தெரிந்த விளையாட்டு கபடிதான். வெளியே வந்தால் அவுட். என் பிள்ளையை அவுட் ஆக்கிவிட்டார் என்று கேலரியிலிருந்து இறங்கிப் போய்ச் சண்டைக்கு நின்றேன். "என்ன சார் தப்பு பண்ணான்? சொல்லுங்க, என்ன தப்பு பண்ணான்?" நீ வெட்கத்தில் தண்ணீர் பாட்டிலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாய். "அரே பாய்! இது ஹாக்கி. மூச்சு வாங்கிட்டு மறுபடி போவான். இன்னிக்கு இருபது வாட்டி போவான், இருபது வாட்டி வருவான். நீ மேல போய் உக்காரு, முறுக்கு தின்னு" என்றார். கேலரியே சிரித்தது. நான் போய் உட்கார்ந்து முறுக்கு தின்றேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், போனவன் திரும்பி வரலாம் என்று ஒரு விளையாட்டு இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் நானும் அந்தக் கணக்குப் பரீட்சைக்கு நடுவில் கொஞ்சம் வெளியே வந்து மூச்சு வாங்கியிருப்பேன்.

அப்புறம் உனக்குப் பதினேழு வயது. லீக் அணியிலிருந்து கூப்பிட்டார்கள். எப்போது, எப்படி, சரியான வயதா என்று யார் யோசித்தார்கள்? தெருமுனையில் உன் படம் போட்ட பேனர் கட்டினோம். நான் கம்பெனியில் மைசூர்பாகு கொடுத்தேன். டி.வி.யில் ஒவ்வொரு மேட்சாக உட்கார்ந்து பார்த்தோம். பந்து எங்கே போகிறது என்று நாங்கள் பார்க்கவே இல்லை. கேமரா எப்போது மாற்று ஆட்டக்காரர்கள் உட்காருகிற பெஞ்சுப் பக்கம் திரும்பும் என்றுதான் பார்த்தோம். திரும்பினால் ஒரு வரிசை முழங்கால்கள் தெரியும். அதில் உன் ஷூவை உங்கம்மா கண்டுபிடித்துவிடுவாள். "அதோ, லேஸ் தொங்குது பாருங்க, அதான் அவன்" என்பாள். அந்த சீசன் முழுவதையும் கூட்டினாலும் ஒரு சட்டி பால் பொங்குகிற நேரம்கூட நீ ஆடியிருக்கமாட்டாய். அடுத்த வருஷம் உன்னை அவர்கள் எடுக்கவில்லை. அப்புறம் அந்த லீக்கே சில வருஷம் நடக்காமல் போனது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உனக்கு ஹூப்ளியில் ரயில்வே வேலை கிடைத்தது. நல்ல வேலை. நானும் கடவுளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு அந்தப் பேச்சை மூடி வைத்துவிட்டேன்.

நீ திரும்பி வந்த அன்று என்ன கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "எத்தனை நிமிஷம்டா விளையாட விட்டாங்க?" என்று கேட்டேன். நீ "சூப்பரா இருந்துச்சுப்பா" என்றாய். நான் கேட்டதற்கும் நீ சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை பார்.

இந்த வாரம் முழுவதும் ஆள் ஆளிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கேன்டீனில் பக்கத்தில் உட்காரும் லேத் ஆபரேட்டரைக் கேட்டேன். "என் பையன் கேரம் போர்டுகூட ஆடறதில்ல, என்கிட்ட போய் கேக்கறியே" என்று என் தட்டிலிருந்து வடையை எடுத்துக்கொண்டார். உங்கம்மாவைக் கேட்டேன். "மார்ச்சுல பி.யூ.சி. பரீட்சை. அத எழுதிட்டு எங்க வேணா போகட்டும்" என்றாள். "அதுக்குள்ள லீக் முடிஞ்சிடுமே" என்றேன். "லீக் அடுத்த வருஷமும் வரும்" என்றாள். "சரவணனுக்கு வந்துச்சா?" என்றேன். அதற்கு அவள் குக்கர் மூடியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

ரஹீம் சாரிடம் போனேன். இப்போது முட்டி வலி, நாற்காலியில் உட்கார்ந்துதான் கோச்சிங் கொடுக்கிறார். அவராவது ஒரு வயதைச் சொல்வார், எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். "வயசு கியசு எனக்குத் தெரியாது பாய். பதினாறுல போய் ராஜா மாதிரி ஆடினவனும் இருக்கான். இருபத்தி ரெண்டுல போய் அழுதுட்டு வந்தவனும் இருக்கான். சீக்கிரம் போனா அடி வாங்கும். லேட்டா போனா பயம் வந்து உக்காந்துக்கும். சரவணன் விஷயத்துல நான் கரெக்டா பண்ணேனா இல்லியான்னு எனக்கே இன்னும் தெரியல" என்றார். இவ்வளவு வருஷம் இதையே தொழிலாகச் செய்தவருக்கே தெரியவில்லை என்றதும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது, ஒரு பக்கம் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அந்த லீக் அணியிலிருந்து ஒரு கோச் மேடம் வீட்டுக்கே வந்தார். குடகுக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். நம் ஹாலில் அவர் உட்கார இடம் வேண்டும் என்று உங்கம்மா துவைத்த துணி மலையை அப்படியே தூக்கிக் கட்டிலில் போட்டாள். "கூத்கொள்ளி மேடம், கூத்கொள்ளி" என்று நான் மூன்று தடவை சொன்னேன். அவர் முதல் தடவையே உட்கார்ந்துவிட்டிருந்தார். யமுனா சுவரோடு சாய்ந்து, கையில் ஸ்டிக்கின் பிடித் துணியைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றாள்.

நான் பேச ஆரம்பித்தேன். "மேடம், என் பையன் ஒரு சீசன் முழுக்க உக்காந்துட்டு வந்தான். இவள எத்தன நிமிஷம் உள்ள விடுவீங்க?"

"நோடி சார், அத ப்ராமிஸ் பண்ண முடியாது" என்றார். "மொதல்ல ஜாஸ்தி இல்ல. நாங்க லீடிங்ல இருக்கறப்ப ரெண்டு நிமிஷம் விடுவேன். நல்லா பண்ணா இன்னும் ரெண்டு நிமிஷம். தப்பு பண்ணாலும் அதே மேட்ச்ல இன்னொரு வாட்டி அனுப்புவேன். ஆனா சில மேட்ச்ல சுத்தமா அனுப்ப மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"மத்தவங்கல்லாம் நிறைய ஆட விடுறோம்னு சொல்வாங்களே?" என்றாள் உங்கம்மா, உள்ளிருந்தே.

"சொல்வாங்கம்மா. சொல்றது ரொம்ப ஈஸி" என்றார் மேடம். "ஸ்வல்ப காபி கிடைக்குமா?"

உங்கம்மா யாருக்கும் அவ்வளவு நல்ல காபி போட்டு நான் பார்த்ததில்லை. வாக்குக் கொடுக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதில்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது போலிருக்கிறது. பரீட்சை பற்றிக் கேட்டாள். புத்தகம் எடுத்துக்கொண்டு வரட்டும், டீமில் இன்னும் இரண்டு பெண்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், காலையில் ஒரு மணி நேரம் அதற்கென்று விடுகிறேன் என்றார் மேடம்.

அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் யமுனாவைப் பார்த்து, "பாத்துக்கோ, உங்கண்ணன் மாதிரி முழங்காலை மட்டும் டி.வி.யில காட்டிட்டு வரப்போற" என்றேன். தமாஷுக்குத்தான் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணன் அங்க சும்மா உக்காந்திருந்தான்னா நினைக்கிற?" என்றாள்.

"பின்ன?"

"ஒரு மேட்ச் பாக்கறதுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனீங்களே, ட்ரெயின்ல. பெஞ்சுக்குப் பின்னாடியேதான நமக்கு சீட்டு? நீயும் அம்மாவும் அவன் எப்ப எழுந்திருப்பான்னே பாத்துட்டு இருந்தீங்க. நான் அவன் கையப் பாத்தேன். தொடை மேல வெச்சு விரல இப்படி இப்படிக் காட்டிட்டே இருந்தான். அவன் விரல் எந்தப் பக்கம் போகுதோ, கொஞ்சம் கழிச்சு பால் அங்கதான் வரும். எனக்கு அதான் விளையாட்டு. பாலைப் பாக்காம அவன் விரலையே பாத்தேன். திரும்பி வந்து நம்ம ஸ்டேடியத்துல உக்காந்து நானும் அதே மாதிரி பண்ணிப் பாத்தேன். மொதல்ல எல்லாம் தப்பா வரும். அப்புறம் வர ஆரம்பிச்சுது. நான் ஹாக்கி கத்துக்கிட்டதே அப்படித்தான்."

மேடம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இவ தடுக்கறதுல எனக்குப் பிடிச்சதே அதான் சார். பால் வர்றதுக்கு முன்னாலயே அங்க போய் நிப்பா. எங்க கத்துக்கிட்டான்னு கேக்கணும்னு இருந்தேன்" என்றார்.

சரவணா, நான் அவளுக்குப் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். அந்த ரயில் பயணத்துக்கு லீவு எடுத்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, அவ்வளவு தூரம் வந்து, ஆறேழு வயதுக் குழந்தை பார்த்ததை நான் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன். நீ எழுந்து நிற்கவில்லை என்ற ஒன்றை மட்டும்தான் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்டிக்கை வயிற்றில் குத்திக்கொண்டு தலை தூக்கிப் பார்த்தாயே, அதே பார்வைதானா அது? பெஞ்சில் இருந்தபோதும் மைதானம் முழுவதும் உனக்குத் தெரிந்ததா? தெரிந்தும் உள்ளே போக முடியாமல் விரலை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது? "சூப்பரா இருந்துச்சு" என்பது அதற்குப் பதில் இல்லை என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஒருவேளை அது சூப்பராகவும் இருந்திருக்கலாம், தாங்க முடியாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நீ வேண்டாம் என்று சொன்னதற்குப் பின்னால் அந்த சீசன்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல். ஆனால் இதையும் யோசித்துப் பார். இரண்டு வருஷம் கழித்துப் போனால் மட்டும் பெஞ்சில் உட்காராமல் இருப்பாளா? எந்த வயதில் போனாலும் முதலில் அங்கேதான் உட்கார வேண்டும். உனக்கு வயது பற்றாமல் போனது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இந்த வாரம் முழுக்க அலைந்தபிறகு, உனக்கு ஆள் பற்றாமல் போனதோ என்று தோன்றுகிறது. ராத்திரி ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால், நிமிஷத்தைக் கணக்குக் கேட்கிற அப்பாவும் ஷூ லேஸைக் கட்டச் சொல்கிற அம்மாவும்தான் உனக்கு இருந்தோம். இன்றைக்கு என்ன பார்த்தாய், எந்தப் பக்கம் பந்து வரும் என்று நினைத்தாய், வந்ததா என்று கேட்க ஒருவரும் இல்லை. யமுனாவுக்கு அப்படி ஒரு ஆள் இருக்கிறான். அவன் ஹூப்ளியில் ரயில்வே ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு போனை வைத்துவிடுகிறான்.

எப்போது இறக்குவது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான்: உண்மையைச் சொல்கிற கோச் ஒருவர், திரும்பி வந்ததும் உண்மையைக் கேட்கிற ஆள் ஒருவர், இரண்டும் கிடைத்துவிட்டால் இறக்கிவிடலாம். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் சரியா என்று எனக்குத் தெரியாது. கேலரி நண்பர்களே, ஸ்டிக் வாங்கிய அழகைப் படித்தபிறகும் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன் சரவணா. ஞாயிறுவரை காத்திருந்தால் என் மனசு மாறிவிடும் என்று பயந்துதான் சீக்கிரமே போட்டேன். நீ கோபப்படுவாய், படு. யமுனா உன்னிடம் சொல்லச் சொன்னது ஒன்று இருக்கிறது. அவளே சொல்லலாம், ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து உன்மேல் முறைப்பாக இருக்கிறாளாம், அதனால் என் மூலம்: "முதல் மேட்சுக்கு அண்ணன் வரணும். ரயில்வே பாஸ் இருக்குல்ல, பஞ்சப்பாட்டு பாடக்கூடாது. பெஞ்சுக்குப் பின்னாடி சீட்டு. நான் வெளிய உக்காந்திருக்கறப்ப விரல காட்டுவேன். தப்பா காட்டினா முதுகுல தட்டணும்."

உனக்குப் பக்கத்து சீட்டு எனக்கு. புளிசாதம் உங்கம்மா கட்டித் தருவாள். இந்தத் தடவை யமுனா எப்போது எழுந்திருப்பாள் என்று பார்க்கமாட்டேன். சத்தியமாகப் பார்க்கமாட்டேன் என்று சொல்லமுடியாது, முடிந்தவரை பார்க்கமாட்டேன். அவள் விரல் எந்தப் பக்கம் போகிறது, ஏன் போகிறது என்று நீ எனக்குச் சொல்லிக்கொண்டே வா. அப்படியே அன்றைக்கு உன் விரல் ஏன் அந்தப் பக்கம் போனது என்பதையும் சொல்லிவிடு.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கூப்பிடுவேன். மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து போனை எடுத்துவிட்டேன். அங்கே என்ன பார்த்தாய் என்று நான் ஒன்றுதான் கேட்பேன், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். நீ மட்டும் வைத்துவிடாதே.

உன் அப்பா